மீன் என்று ஒரு வகுப்பே இல்லை

கடம்பத்தூருக்குப் பூண்டி ஏரியும் பக்கம், பழவேற்காடும் எட்டுற தூரம். ஏரி விரால், கடல் சுறா எல்லாத்தையும் நாம் ‘மீன்’ என்றே சொல்கிறோம். விலங்கியலில் அது ஒற்றை வகுப்பு இல்லை. இன்று வாழ்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. தாடையற்றவை: லாம்ப்ரே, ஹாக்ஃபிஷ். நம்ம ஊர்ச் சந்தைக்கு வராது.

2. குருத்தெலும்பு மீன்கள்: சுறா, திருக்கை. உடம்பில் எலும்பே கிடையாது. செவுள் மூடி இல்லாததால் பிளவுகள் வெளியே தெரியும்.

3. எலும்பு மீன்கள்: விரால், கெண்டை, வஞ்சிரம், நெத்திலி. செவுளுக்கு மூடி உண்டு. மீன் இனங்களில் மிகப் பெரும்பாலானவை இங்கேதான்.

மூன்றாவதிலும் இரண்டு கிளைகள். விசிறி போன்ற துடுப்புள்ளவை ஒன்று; நாம் சாப்பிடுகிற எலும்பு மீன்கள் எல்லாம் அதில் அடக்கம். சதைப்பற்றான துடுப்புள்ளவை இன்னொன்று. நுரையீரல் மீனும் சீலகாந்தும் இதில் வரும். இந்த இரண்டாவது கிளையில்தான் நாலுகால் விலங்குகள் தோன்றின, நாமும்தான். அப்படிப் பார்த்தால் விராலுக்குச் சுறாவைவிட நாமே நெருங்கிய சொந்தம்!

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லைங்க. வஞ்சிரம் லட்சக்கணக்கில் முட்டை போடும். சுறாவும் திருக்கையும் மெதுவாக வளர்ந்து, கொஞ்சமாகவே குட்டி போடும் அல்லது முட்டையிடும். ஒரே அளவில் பிடித்தால் முதலில் தீர்ந்துபோவது இவைதான். உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறாவை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்.

அடுத்த முறை மீன் வாங்கும்போது செவுளைப் பாருங்க. மூடி இருக்கா, பிளவு தெரியுதா? எந்தக் கூட்டம் என்று அதுவே சொல்லிடும்.