கேம் மட்டும் மாத்தினா போதுமா?

போன எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: "ப்ரோ, பழைய ஹோண்டா சிட்டி விடெக் வச்சிருக்கேன். கேம்ஷாஃப்ட் மட்டும் மாத்தினா போதுமா?"

போதாது. கேம் வால்வைத் திறக்க மட்டும்தான் செய்யும். மூடுவது ஸ்பிரிங்கோட வேலை. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. அப்போ 7,000 ஆர்பிஎம்ல ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு சுமார் 58 தடவை திறந்து மூடணும்!

பெர்ஃபார்மன்ஸ் கேம் வால்வை இன்னும் ஆழமாகத் தள்ளும், இன்னும் அதிக நேரம் திறந்து வைக்கும். மேல் ஆர்பிஎம்ல காத்து நல்லா உள்ளே போகும், பவர் கிடைக்கும். ஆனா அந்த வேகத்தில் கேமோட சரிவை விட்டு விலகாமல் வால்வைத் திருப்பி இழுக்க, பழைய ஸ்பிரிங்குக்குத் தெம்பு இருக்காது. வால்வு மிதக்கும். இதுதான் வால்வ் ஃப்ளோட். மேலே ஏறி வர்ற பிஸ்டன் அதுக்காகக் காத்திருக்காது.

என் வண்டியில இடிச்சது. ஸ்பிரிங் செட்டுக்குக் காசு பத்தல. அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு கேமை மட்டும் போட்டு, ரெவ் லிமிட்டையும் ஏத்தினேன். ரெண்டு வாரம் சொர்க்கம். அப்புறம் இருங்காட்டுக்கோட்டை டிராக்ல, மூணாவது கியர்ல இழுக்கும்போது சத்தம் மாறிச்சு, பவர் போச்சு. ஹெட்டைக் கழட்டினா ரெண்டு இன்டேக் வால்வு வளைஞ்சிருக்கு. லேத்துல இருந்த அண்ணன் ஒண்ணை மேசையில உருட்டிக் காட்டிட்டு, "தம்பி, ஸ்பிரிங் எவ்ளோன்னு சொன்ன?" அப்படின்னு மட்டும் கேட்டார்.

அதுக்காக இருக்கிறதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கை வாங்கிடாதீங்க. அழுத்தம் தேவைக்கு மேல போனா கேமும் ராக்கரும் சீக்கிரம் தேயும். வால்வு முழுசாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கோட சுருள்கள் ஒன்றோடொன்று முட்டவும் கூடாது. கேம் கம்பெனி எந்த ஸ்பிரிங் சொல்லுதோ அதையே போடுங்க. பிஸ்டன் தலையில மாடலிங் கிளே வச்சு, ஹெட்டை மாட்டி, டைமிங் பெல்ட் போட்டு, இன்ஜினைக் கையால ரெண்டு சுத்து சுத்திட்டுக் கழட்டிப் பாருங்க. கிளே எந்த இடத்தில் மெலிஞ்சிருக்கோ, அங்கே எவ்வளவு இடைவெளி மிச்சம்னு தெரிஞ்சிடும். ஒரு மணி நேர வேலைக்குச் சோம்பல் படாதீங்க.

இன்னொண்ணு. விடெக்ல மேல் ஆர்பிஎம்முக்குன்னு இன்டேக் பக்கம் பெரிய லோப் ஏற்கெனவே இருக்கு. தினமும் ஆபீஸ் போற வண்டின்னா, என்னைக் கேட்டா, அதுவே போதும். பெரிய கேம் போட்டா கீழ் ஆர்பிஎம்ல இழுவை குறையும்.

என் வண்டியில இப்போ கேம், ஸ்பிரிங் ரெண்டும் சேர்ந்துதான் இருக்கு. ஆனா ஏசி போட்டுக்கிட்டு கிண்டி சிக்னல்ல நின்னா, இன்னிக்கும் ஐடில் துடிச்சு அணையப் பாக்குது.