மறுபடியும் படபடக்கும் இதயம்: கசிவைக் காட்டும் படம்

புத்தலப்பட்டில் ஒரு சாலை திருப்பதிக்கும், மற்றொன்று சித்தூர் வழியாக வேலூருக்கும் போகிறது. வைத்தியத்துக்காக இவ்வழியே செல்வோரில் சிலருக்கு, இதயத்தின் மேலறை தாறுமாறாக நடுங்கும் 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' நோய் இருக்கும்.

இதைத் தூண்டும் மின்பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்களில் பிறக்கிறது என்று, 1998-ல் பிரான்சு நாட்டு டாக்டர் ஹைசாகர் குழுவினர் வெளியிட்டார்கள். தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த ரத்தக் குழாய்களின் வாயைச் சுற்றிச் சுட்டு, மின்சாரம் தாண்டாமல் தழும்பால் கரை போடுவதே சிகிச்சை.

சில மாதம் கழித்துப் படபடப்பு திரும்பினால், "பணம் வீணாயிற்றே" என்று மனமுடைய வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கரையில் எங்கோ ஒரு கசிவு இருக்கும். ஏரிக்கரை கசிந்தால், கரை நெடுகவா மண் கொட்டுகிறோம்? கசியும் இடத்தைத் தேடுகிறோம்.

இரண்டாம் சிகிச்சையிலும் அப்படித்தான். பல மின்முனைகள் கொண்ட குழாய் மேலறைச் சுவரைத் தொட்டுத் தொட்டு அளக்கும். கம்ப்யூட்டர் அதை வண்ணப் படமாக வரையும்: தழும்பு ஒரு நிறம், உயிருள்ள தசை வேறு நிறம். கசிவு தெரிந்ததும் அதைச் சுட்டு அடைக்கிறார்கள். கரையில் கசிவே இல்லையென்றால், மேலறையின் வேறு இடங்களில் தேடுகிறார்கள்.

மறுபடி போகும்போது முதல் சிகிச்சையின் ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டு போங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மேலறையில் உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்.