சக்கரம் நின்றால் யாருக்கு நட்டம்?

மதுரை என்றதும் வைகை நினைவுக்கு வரும். மாட மாளிகை நினைவுக்கு வரும். நீலகிரியிலும் ஒரு மதுரை உண்டு - கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டுக்கு அருகே, ஸ்ரீமதுரை! அங்கே வைகையும் இல்லை, ரயிலும் இல்லை. மலை ரயில் 1899-இல் குன்னூரை எட்டியது. 1908-இல் ஊட்டிக்கு ஏறியது. கூடலூர்ப் பக்கம் இறங்கவேயில்லை. அந்த மக்களுக்குப் பேருந்துதான் ரயில்!

அந்தப் பேருந்து ஒரு நாள் நின்றால்? தேயிலை பறிக்கும் தாய்க்கு அன்றையக் கூலி போச்சு. இருட்டில் நடந்தால் யானை பயம். ஜீப் ஏறினால் காசு பயம். அவள் ஏசுகிறாள், ஓட்டுநரை! ஏசட்டும். வயிறு எரிபவள் வாழ்த்துப்பா பாடுவாளா? ஆனால், உழைப்பவள் உழைப்பவனை ஏசும்போது, ஓரமாய் நின்று சிரிப்பவன் யார் என்றுதான் நாம் கேட்கிறோம்.

ஆலையில் வேலை நிறுத்தம் என்றால் முதலாளியின் இலாபம் நிற்கும். இரண்டே நாளில் அவன் பேச வருவான். பேருந்தின் கதை வேறு. நட்டத்தில் ஓடும் கழகத்துக்கு, நின்ற வண்டியால் டீசல் மிச்சம்! 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2024 வரவு செலவுத் திட்டம் அதை நீலகிரி போன்ற மலைப் பகுதிகளுக்கும் விரித்தது. நல்ல திட்டம், நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த வண்டி நின்றால் காசு இழப்பது கழகமா? அல்ல, ஜீப்புக்கு அழும் அந்தத் தாய்! அடி விழுவது பயணியின் முதுகில். ஆகவே, பயணியின் மனத்தை வெல்லாத போக்குவரத்துப் போராட்டம், தன் காலைத் தானே வெட்டிக்கொள்ளும் போராட்டம்.

1974 மே 8. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வே தொழிலாளர் 17 லட்சம் பேர் எழுந்தனர். எட்டு மணி நேர வேலை கேட்டார்கள், போனஸ் கேட்டார்கள். ஆயிரமாயிரம் பேரைச் சிறை விழுங்கியது. இருபதாம் நாள், மே 27-இல், வெறுங்கையோடு திரும்பினர். அவர்கள் கேட்ட போனஸ் வந்தது 1979-இல்! கோரிக்கை தோற்கவில்லை தோழர்களே, தாமதப்பட்டது.

2024 சூன் மாதம், தென்னக ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநர்கள் வேறு வழி கண்டனர். வார ஓய்வு 30 மணி. அதனுடன் பணி முடிந்து திரும்பியதும் பெற வேண்டிய 16 மணி. ஆக 46 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றார்கள். அந்த ஓய்வை எடுத்துக்கொண்டு, பிறகு வேலைக்கு வந்தார்கள். அதற்கே அவர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது! கண் அயர்ந்த ஓட்டுநர் கையில் ஆயிரம் உயிர். அவன் கேட்ட உறக்கம் அவனுக்காக மட்டுமா? கொண்டை ஊசி வளைவில் பேருந்தை ஒடித்துத் திருப்புகிறவனுக்கும் இது பொருந்தாதா? ஓட்டுநரின் ஓய்வு, பயணியின் ஆயுள்! இதைத் தேயிலைத் தோட்டத்துத் தாயிடம் சொல்லிப் பாருங்கள். அவள் ஏச மாட்டாள்.

இனி ஒரு கசப்பு மருந்து. 2018 சனவரி 4 மாலை தொடங்கி 11 வரை தமிழகப் பேருந்துகள் நின்றன. அன்று தொ.மு.ச. போராட்டத்தில்; அண்ணா தொழிற்சங்கப் பேரவை வண்டி ஓட்டியது. 2024 சனவரி 9, 10 - மீண்டும் வேலை நிறுத்தம். இம்முறை பேரவை போராட்டத்தில், தொ.மு.ச. வண்டி ஓட்டியது! இரு பக்கமும் அண்ணாவின் பெயரைச் சொல்லும் பக்கங்களே. கோட்டையில் ஆள் மாறியது. பணிமனையில் பக்கம் மாறியது. ஓட்டுநரின் ஊதியமும், ஓய்வு பெற்றவரின் அகவிலைப்படியும் மட்டும் வழக்காகவே நின்றன.

கொடி மாறினால் பசி மாறுமா? பயணி இதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுத்தான் 'உங்கள் சண்டைக்கு எங்கள் கூலியா?' என்கிறார். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டாமா?

பதில் இதுதான். ஆளும் கட்சி எதுவானாலும், ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே பேச உட்கார வேண்டும்; பொங்கல் வாசலுக்கு வரும்வரை இழுத்தடிப்பது ஆட்சித் திறன் அல்ல. தொழிற்சங்கங்கள் அரசுக்கு நோட்டீஸ் கொடுத்தால் போதாது. கூடலூர்ப் பேருந்து நிலையத்திலும், தோட்டத்து லயத்திலும் மக்களுக்கும் சொல்ல வேண்டும். 2003-இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலை நிறுத்த உரிமை இல்லை என்றது. சட்டம் கவசம் தராத நாட்டில் மக்கள்தாம் கவசம்!

காக்கிச் சட்டையும் கொழுந்துக் கூடையும் ஒரே பேருந்தில் போகின்றன. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஆனால் பள்ளத்தில் விழுந்தால் இருவரும்தான். இதை உணர்ந்து இருவரும் ஒரே குரலில் கேட்கட்டும். அப்போது, சக்கரத்தை நிறுத்தத் தேவையே வராது!