முழங்கை முறிந்தால் செய்ய வேண்டுவன

தறியில் நாடா ஓட்டுபவருக்கும் வயலில் மண்வெட்டி பிடிப்பவருக்கும் கையே முதலாகும். மரத்திலிருந்து விழுவோரும், வரப்பில் வழுக்கிக் கையை ஊன்றி வீழ்வோரும் முழங்கையைக் கெடுத்துக்கொள்வது உண்டு. அக்காயத்திற்குச் செய்யத் தக்கது யாது, தகாதது யாது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முழங்கையில் மேற்கை எலும்பு ஒன்றும் முன்கை எலும்புகள் இரண்டும் கூடுகின்றன. இருபுறமும் உள்ள இணைப்பு நார்கள் அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. எலும்பு முறியாமல் மூட்டு மட்டும் நழுவியிருப்பின், வைத்தியர் வலி தெரியாமல் மருந்து கொடுத்து அதனைத் தன் இடத்தில் அமர்த்துவார். பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. நழுவியதோடு, வெளிப்புற முன்கை எலும்பின் தலையும், உட்புற எலும்பின் மூக்குப் போன்ற முன்முனையும் முறிந்து, நாரும் அறுந்தால் மூட்டு நிலைகொள்ளாது. ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1996-ல் இதற்குப் 'பயங்கர மும்மை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

இதற்குப் பெரும்பாலும் ரண சிகிச்சையே வழி. முன்முனையைத் திருகாணியாலோ தையலாலோ பிணைப்பார்கள். எலும்பின் தலையைத் தகடும் திருகாணியும் கொண்டு சேர்ப்பார்கள். அது பல துண்டுகளாகச் சிதறியிருந்தால் உலோகத் தலை பொருத்துவார்கள். பின்பு அறுந்த நாரை எலும்போடு தைப்பார்கள்.

இவ்வளவும் எதற்காக? கையை விரைவில் அசைக்கத்தக்க உறுதியைத் தருவதற்காகவே. முழங்கை எளிதில் விறைத்துப்போகும் மூட்டு. மூன்று வாரத்திற்கு மேல் அசையாது கட்டி வைத்தால் விறைப்பு நிலைத்துவிடக் கூடும். ஆதலால் வைத்தியர் சொன்ன நாளில், சொன்ன அளவில், நோயாளி தாமே மடக்கி நீட்டிப் பழக வேண்டும். பிறர் வலிந்து இழுத்தலும், எண்ணெயிட்டு உருவுதலும் ஆகா. மூட்டைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர அவை இடந்தரலாம்.

இறுகக் கட்டுவது இன்னும் கொடியது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு முன்கைத் தசைகள் மடிந்து, விரல்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போவதை ஜெர்மானிய வைத்தியர் வோல்க்மன் 1881-லேயே விளக்கினார். விரல்கள் வெளுத்தாலும், மரத்தாலும், அவற்றை நீட்டும்போது பொறுக்க முடியாத வலி எழுந்தாலும் கட்டை உடனே தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

பளுவான வேலைக்கு மூன்று மாதமேனும் பொறுத்தல் நலம். கை முன்போல் முழுதும் நீளாமற் போகலாம். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. நேராக நீட்டிய கையைச் சூனியமாகக் கொண்டால், 30 பாகை முதல் 130 பாகை வரை மடங்கும் கை அன்றாடக் காரியங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் போதும் என அமெரிக்க வைத்தியர் மாரியும் அவருடன் ஆராய்ந்தோரும் 1981-ல் அளந்து காட்டினர்.

அந்த மூன்று மாதத்தில் நோயாளியின் பளுவைச் சங்கத்துத் தோழர்கள் பகிர்ந்துகொள்வார்களாயின், அதுவும் ஒரு சிகிச்சையே ஆகும்.