வைஃபை போனால் எங்கே தேடுவது?

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வயநாட்டைத் தொட்டபடி இருக்கிறது சேரம்பாடி. தேயிலைத் தோட்டங்களும் காடும் சூழ்ந்த ஊர். ஜூன் பிறந்தால் பந்தலூர் வட்டாரத்தில் மழை விடாது. மரக்கிளை முறிந்து கம்பியில் விழும். கரண்ட் போகும், வரும், மறுபடியும் போகும். அப்படியொரு நாளில் வீட்டு டெஸ்க்டாப்பில் நெட் நின்றுவிட்டால், ‘மழையில சிக்னல் எடுக்காது’ என்று மழைமீது பழி போடுவது வழக்கம்.

அந்தப் பழியில் பாதிதான் நியாயம். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகிறது. அவற்றின் அலைநீளம் முறையே சுமார் 12 செ.மீ., 6 செ.மீ. சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளிகள் அவற்றைப் பெரிதாக மறிப்பதில்லை. மழையில் டிஷ் டிவி படம் உறைவதற்குக் காரணம் வேறு. அந்த அலை 10 கிகாஹெர்ட்ஸுக்கும் மேற்பட்டது. சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து வலுவிழந்து வந்து சேர்வது. வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மழையால் முதலில் கெடுவது மின்சாரமும் வெளியிலிருந்து வரும் கேபிளும்தான்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பார்வை மையங்களையும் 2000களின் நடுவில் நெடுந்தொலைவு வைஃபை இணைத்தது. கிராமத்து நோயாளி அங்கிருந்தே வீடியோவில் மருத்துவரிடம் பேசினார். அமைத்தவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் வழிநடத்திய ஆய்வுக் குழுவினர். இணைப்புகள் ஏன் அடிக்கடி செத்துப்போகின்றன என்று அந்தக் குழு ஆராய்ந்து 2008-இல் கட்டுரை வெளியிட்டது. முதன்மையான குற்றவாளி மின்சாரம். ஊரக மின் இணைப்பில் 500 வோல்ட்டைத் தாண்டி, சில வேளை 1,000 வோல்ட் வரை எகிறும் திடீர் வீச்சுகளை அவர்கள் அளந்தார்கள். கருவி எரிவது, ரவுட்டரின் நினைவகம் கெடுவது எல்லாமே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘சிக்னல் இல்லை’ என்றே தெரிந்தன.

ஆகவே பழுது எங்கே என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரு செல்போன் போதும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் இணைத்து ஏதாவதொரு தளத்தைத் திறக்க வேண்டும்.

செல்போனிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதே இல்லை. ஃபைபர் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம். நிறுவனத்துக்குப் புகார் செய்வதுதான் வழி. விளக்குகள் ஒழுங்காக எரிந்தும் நெட் இல்லையென்றால், பெட்டியின் சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடலாம். ரவுட்டர் தனியாக இருந்தால் ஃபைபர் பெட்டி முழுதாக எழுந்த பிறகு அதைப் போடுவது நல்லது. ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் மட்டும் ஊசியை விடக் கூடாது. அந்த ரீசெட், நிறுவனம் பதிந்து வைத்த அமைப்புகளையும் சேர்த்து அழித்துவிடும்.

செல்போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் தேடுதல் மேசையடிக்கு வருகிறது.

டெஸ்க்டாப்புக்கென்றே சில தொல்லைகள் உண்டு. வைஃபை கார்டின் ஆன்டெனா சிபியுவின் பின்புறம் இருக்கும்; சிபியுவோ சுவரை ஒட்டி மேசைக்கு அடியில் இருக்கும். முன்னால் இரும்புப் பெட்டி, பின்னால் சுவர். அலை நுழைய இடமில்லை. சிபியுவைச் சற்றே திருப்பி வைத்தாலும், ஆன்டெனாவைத் திருகி இறுக்கினாலும் வித்தியாசம் தெரியும். தடித்த கருங்கல் சுவர் உள்ள பழைய வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே வேகம் குறைவானாலும் 2.4-தான் அடுத்த அறை வரை போய்ச் சேரும்.

யூஎஸ்பி டாங்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. யூஎஸ்பி 3.0 கருவிகள் வேலை செய்யும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. நீல நிற யூஎஸ்பி துளையில் ஹார்டு டிஸ்க்கும் அதன் பக்கத்தில் டாங்கிளும் இருந்தால், கோப்பு நகலாகும்போதெல்லாம் நெட் துண்டிக்கப்படலாம். ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வைஃபை பட்டியலே காணாமல் போனால், கார்டின் டிரைவர் சிக்கியிருக்கலாம். இங்கே பலர் ஷட் டவுன் செய்து திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு வந்தது. அது இயங்கினால் ஷட் டவுனில் கணினியின் மையப் பகுதி முழுதாக அணைவதில்லை, அதன் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே மீண்டும் எழுகிறது. கோளாறும் கூடவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

வைஃபை இணைந்திருக்கிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால், கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ ஆணையைத் தட்டிப் பார்க்கலாம். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். வைஃபையை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டு, கடவுச்சொல் கொடுத்து மீண்டும் இணைக்க வேண்டும்.

கடைசியாக, யாரும் பார்க்காத இடம்: திரையின் மூலையில் உள்ள தேதி. மதர்போர்டில் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும் என்பதால், தவறான தேதி உள்ள கணினியில் பிரவுசர் அவற்றை ஏற்காது. வைஃபை நலமாக இருக்கும்; பக்கம் மட்டும் திறக்காது. பேட்டரியின் விலையோ மிகக் குறைவு.

புது ரவுட்டர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் செல்போன், விளக்குகள், ரீஸ்டார்ட், தேதி என்ற வரிசையில் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான கோளாறுகள் இதற்குள் பிடிபட்டுவிடும். மழைக்காலம் தொடங்கும் முன் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வையுங்கள். இடிச்சத்தம் கேட்கத் தொடங்கும்போதே கம்ப்யூட்டர், ரவுட்டர் இரண்டின் பிளக்குகளையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.