உங்களுக்குத் தெரியுமா? நடுவானில் நின்ற இன்ஜின்!

2015 மார்ச் 5. ஹாலிவுட் ஹீரோ ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய குட்டி விமானத்தின் இன்ஜின் பறக்கும்போதே படுத்துவிட்டது! விமானம் இறங்கிய இடம்? லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கோல்ஃப் மைதானம்! இறங்கும் வழியில் ஒரு மரத்தின் உச்சியையும் உரசிவிட்டது. இடுப்பெலும்பும் கணுக்காலும் உடைந்தன. ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 72!

விமானத்துக்கு வயது 73! 1942-இல், போர்க்கால பைலட்டுகள் பழகுவதற்காகத் தயாரான ரயன் பிடி-22 அது.

குற்றவாளி யார் தெரியுமா? கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு ஜெட்! நம் தெருமுனை டூவீலர் மெக்கானிக் கழற்றி, வாயால் 'உஃப்' என்று ஊதி, மறுபடி திருகுவாரே... அந்த ஜாதிப் பொருள்தான்! அந்த ஜெட் திருகு கழன்று இடம் மாறிவிட்டது. பெட்ரோல் வராமல் இன்ஜின் நிற்கவில்லை. அளவுக்கு மீறி வந்ததால் திணறிவிட்டது!

அந்தக் கார்புரேட்டரைப் பிரித்துப் புதுப்பித்தது எப்போது? விபத்துக்குச் சுமார் 17 ஆண்டுகளுக்கு முன்பு!

இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! செஸ்னா 172 ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், இன்ஜினே இல்லாமல் சுமார் 9 கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே போகும்!

அதே செஸ்னாவுக்கு சிலிண்டர் 4. ஸ்பார்க் பிளக் எத்தனை? 8! ஒன்று போனால் இன்னொன்று. பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும்!

கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டி இன்ஜின் நிற்பதுண்டு. குளிர்நாட்டில்தானே என்று கேட்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் போதும், 20 டிகிரிக்கு மேலேயும் கட்டும்!

விமானத்துக்கே பாராசூட் உண்டு! ஆளுக்கு இல்லை ஐயா, முழு விமானத்துக்கும்! கைப்பிடியை இழுத்தால் ஒரு ராக்கெட் பாய்ந்து பாராசூட்டை வெளியே இழுக்கும். சிர்ரஸ் விமானங்களில் இது கூடவே வரும்.

2015 ஜனவரியில் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் பறந்த ஒரு சிர்ரஸில் பெட்ரோல் இருந்தது. ஆனால் இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை! கீழே பசிபிக் கடல். பைலட் கைப்பிடியை இழுத்தார். பாராசூட்டில் தொங்கியபடி விமானம் மூக்கைக் கீழே சாய்த்து, ஆடி ஆடித் தண்ணீரில் இறங்கியது. அவர் ரப்பர் படகில் ஏறிக்கொண்டார். மீட்டது யார்? அந்தப் பக்கமாகப் போன ஓர் உல்லாசக் கப்பல்! அமெரிக்கக் கடலோரக் காவல்படை மேலே பறந்தபடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது!

2022 ஜனவரி 9. மறுபடியும் லாஸ் ஏஞ்சல்ஸ்! புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு செஸ்னாவின் இன்ஜின் சக்தி இழந்தது. விழுந்த இடம் ரயில் தண்டவாளம்! போலீஸார் ஓடிவந்து, ரத்தம் வழிந்த பைலட்டைப் பிடித்து இழுத்தார்கள். அடுத்த சில நொடிகளில் ரயில் வந்து விமானத்தைச் சுக்குநூறாக்கியது! போலீஸ்காரரின் சட்டையில் இருந்த கேமராவில் அத்தனையும் பதிவு. படம் எடுத்தால்கூட நம்ப மாட்டோம்!

கடைசியாக ஒரு கில்லாடி. யூடியூபர் ட்ரெவர் ஜேக்கப், 2021 நவம்பரில் பறக்கும்போது இன்ஜின் நின்றுவிட்டதாகச் சொல்லிக் கையில் செல்ஃபி ஸ்டிக்கோடு குதித்தார்! முதுகில் பாராசூட் தயார். விமானத்தில் கேமராக்கள் தயார். எல்லாம் ஒரு பர்ஸ் விளம்பரத்துக்காக! சிதைந்த விமானத்தை ஹெலிகாப்டரில் தூக்கிவந்து வெட்டிக் குப்பையில் போட்டதும் அவரேதான்.

பைலட் லைசென்ஸ் பறிபோனது. சிறைவாசம்? 6 மாதம்!