படம் திருத்தும் மென்பொருளும் பஞ்சாயத்துச் சந்தாவும்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்

இக்காலத்தில் கிராமத்தில் நடைபெறும் எந்த வேலையும் புகைப்படம் இல்லாமல் முடிவு பெறுவதில்லை. குளம் தூர் வாரினால் படம். வீடு கட்டினால் படம். கிராம சபை கூடினால் படம். மகளிர் சுய உதவிக் குழுவினர் தங்கள் மஞ்சள் தூளையும் தேனையும் வெளியூரில் விற்க விரும்பினால், பொருளைக் காட்டு முன் அதன் படத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. இப்படங்கள் மங்கலாகவும் கோணலாகவும் இருப்பதைக் கண்டு, நல்லதொரு படம் திருத்தும் மென்பொருளைச் சந்தா கட்டி வாங்கினால் என்ன என்று அங்கத்தினர்கள் பலர் எண்ணுகின்றனர். எண்ணம் நல்லதே. ஆனால், பொதுப் பணத்தில் ஒரு சாதனத்தை வாங்கு முன் அது என்ன செய்யும், எவ்வளவு செலவு வைக்கும், அதை யார் கற்பது, எதற்கு அதைப் பயன்படுத்தலாகாது என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருத்தல் அவசியம்.

மென்பொருள் என்ன செய்கிறது?

முற்காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவின் மீது நுண்ணிய பென்சிலால் 'டச்சிங்' செய்து முகத்தின் வடுக்களை மறைத்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அவ்வேலையைக் கணிப்பொறியில் செய்வதே இம்மென்பொருள். கைபேசி எடுக்கும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறமும் ஒளியும் எண்களாகப் பதிவாகின்றன. அந்த எண்களைக் கூட்டியும் குறைத்தும் மாற்றினால் படம் வெளுக்கும், கறுக்கும், நிறம் மாறும். வேலையின் சூட்சுமம் இவ்வளவே.

இத்துறையில் மிகவும் பெயர் பெற்ற போட்டோஷாப் அமெரிக்காவில் தோன்றியது. மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தாமஸ் நோல் என்பவர் 1987-ல் தமக்காக எழுதத் தொடங்கிய சிறு நிரலை, அவருடைய சகோதரர் ஜான் நோலுடன் சேர்ந்து வளர்த்தார். அடோபி நிறுவனம் 1990-ல் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்நாளில் பெட்டியில் வைத்து ஒரே விலைக்கு விற்றார்கள். ஒரு முறை வாங்கியவர் எத்தனை ஆண்டு வேண்டுமாயினும் வைத்துக் கொள்ளலாம். 2013-ல் அம்முறை மாறியது. புதிய பதிப்புகள் சந்தாதாரர்களுக்கு மட்டுமே என்று நிறுவனம் அறிவித்தது. 2012-ல் வெளிவந்த ஆறாம் தொகுப்பே இவ்விதம் முழு விலைக்கு விற்கப்பட்ட கடைசித் தொகுப்பாயிற்று.

சந்தா என்பது வாடகையே

சந்தா கட்டுவது உழவுக்கு டிராக்டரை வாடகைக்கு எடுப்பதைப் போன்றது. வாடகை நின்றால் டிராக்டரும் போய்விடும். சந்தா நின்றால் மென்பொருள் திறவாது. நாம் திருத்திச் சேமித்த படங்கள் நம்மிடம் இருக்கும். ஆனால், அம்மென்பொருளுக்கே உரிய கோப்பு வடிவில் சேமித்தவற்றை மீண்டும் திருத்துவதற்கு வேறு வழி தேட வேண்டும். ஆகையால் முடிந்த ஒவ்வொரு படத்தையும் எல்லாக் கருவிகளிலும் திறக்கும் ஜேபெக் வடிவிலும் ஒரு பிரதி வைத்துக் கொள்வது உத்தமம்.

மாதச் சந்தா சிறு தொகையாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் பளு தெரியும். உதாரணத்திற்கு மாதம் 800 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 9,600 ரூபாய். இதற்கு மேல் 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்தால் 11,328 ரூபாய். பஞ்சாயத்து மன்றத்தின் காலமாகிய ஐந்து ஆண்டுகளுக்கு 56,640 ரூபாய். இத்தொகைக்கு ஈடான பயன் கிடைக்குமா என்று மன்றத்தில் விவாதித்த பிறகே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

ஒப்பந்தத்தின் வகையையும் கவனிக்க வேண்டும். மாதந்தோறும் விலகக்கூடிய சந்தா ஒன்று. ஆண்டு முழுவதற்கும் ஒப்புக்கொண்டு மாதத் தவணையாகக் கட்டும் சந்தா மற்றொன்று. பின்னது பார்வைக்கு மலிவு. ஆனால், நடுவில் விலகினால் கட்டணம் கேட்பார்கள். இக்கட்டணத்தைத் தெளிவாகத் தெரிவிக்காமல் சந்தா சேர்த்ததாக அமெரிக்க அரசு 2024 ஜூன் மாதத்தில் அடோபி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கு நம்முடையதன்று. அது தரும் பாடம் நமக்கும் உரியது. மீதித் தவணைகளில் பாதியைக் கேட்கும் ஒப்பந்தமாயின், மாதம் 800 ரூபாய்ச் சந்தாவை நான்கு மாதம் கழித்து நிறுத்துபவர் மீதி எட்டு மாதத்திற்குரிய 6,400 ரூபாயில் 3,200 ரூபாயை வேலை ஏதும் பெறாமலே கட்ட நேரும். ஆகவே, 'விலகுதல்' என்னும் பகுதியை முதலில் படித்த பிறகே 'ஒப்புக் கொள்கிறேன்' என்பதை அழுத்துக.

தானே புதுப்பித்துக் கொள்வது சந்தாவின் இயல்பு. இலவசச் சோதனைக் காலம் முடிந்த மறுநாளே கணக்கிலிருந்து பணம் போவதும் உண்டு. இதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டை வாயிலாகத் தொடர்ந்து பிடிக்கப்படும் தொகைகளுக்கு, பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னரே வங்கி செய்தி அனுப்ப வேண்டும். வேண்டாமென்றால் அந்த அனுமதியை இரத்துச் செய்யவும் வசதி உண்டு. அச்செய்தி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்பதே முக்கியம். சந்தாக் கணக்கை ஒரு தனி நபரின் மின்னஞ்சலிலும் அவருடைய அட்டையிலும் தொடங்கினால், அவர் மாற்றலாகிப் போகும் நாளில் கணக்கும் அவருடனே போய்விடும். அலுவலக மின்னஞ்சல், அலுவலகத் தொலைபேசி எண், சந்தா முடியும் தேதி ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுதி வைத்தல் நலம். மகளிர் குழுக்களுக்கும் இதுவே பொருந்தும்.

செலவில்லாத வழிகள்

சந்தா கட்டாமலே பெறக்கூடிய நல்ல மென்பொருள்களும் இருக்கின்றன. கிம்ப் என்பது கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். அதை எத்தனை கணிப்பொறிகளில் வேண்டுமாயினும் நிறுவலாம். எவருக்கும் கட்டணம் இல்லை. அதன் மூன்றாம் பதிப்பு 2025-ல் வெளிவந்தது. பல படங்களை ஒருங்கே வகைப்படுத்தி ஒளி திருத்த டார்க்டேபிள் உண்டு. கைபேசியிலேயே வேலையை முடிக்க ஸ்னாப்சீட் போதும். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் கட்டற்ற மென்பொருள்களுக்குரிய பாடங்களை இலவசமாக அளிக்கிறது. அவற்றுள் கிம்ப் பாடங்களும் உண்டு.

கிராமத்தில் நேரும் தேவைகளில் பெரும்பாலானவற்றை இவை நிறைவேற்றும். திருமணப் படம், விளம்பரப் படம் ஆகியவற்றைத் தொழிலாகச் செய்யப் போகும் இளைஞருக்குப் போட்டோஷாப், லைட்ரூம் ஆகியவற்றின் பழக்கம் வேலை தேடித் தரும். அவருக்குச் சந்தா ஒரு முதலீடு. மாதம் பத்துப் படம் திருத்தும் அலுவலகத்துக்கு அது வீண் செலவு. 'உடைத்த' பிரதி என்று எவரேனும் இலவசமாகக் கொடுத்தால் அதை ஏற்கலாகாது. அது சட்ட விரோதம். அன்றியும், அப்பிரதியோடு கள்ள நிரல்கள் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. பஞ்சாயத்தின் கணக்குகளும் கடவுச் சொற்களும் உள்ள கணிப்பொறியில் அதை நிறுவுவது வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கற்கும் முறை

மென்பொருளைத் திறந்தவுடன் நூற்றுக் கணக்கான பொத்தான்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், தேவையானவற்றை நான்கு வாரங்களில் கற்று விடலாம்.

முதல் வாரம்: மூலப் படத்தைத் தொடாதிருக்கப் பழகுதல். எந்தப் படத்தையும் முதலில் பிரதி எடுத்துப் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் தரம் சிறிது குறைகிறது. பிறகு, கோணலை நிமிர்த்துதலும் வேண்டாத ஓரங்களை வெட்டுதலும். படத்தில் பாதிக் குறை இவ்விரண்டிலேயே தீரும்.

இரண்டாம் வாரம்: ஒளியும் நிறமும். ஒளியின் பரவலைக் காட்டும் 'ஹிஸ்டோகிராம்' என்னும் வரைபடத்தில் மேடு இடப் பக்கம் ஒதுங்கினால் படம் இருட்டு. வலப் பக்கம் ஒதுங்கினால் வெளுப்பு. வெண்மைச் சமன் என்பது விளக்கொளியில் மஞ்சளாய்ப் பதிந்த வெள்ளைத் துணியை மீண்டும் வெள்ளையாக்குவது. பொருள்களைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்று இருந்தால் இவ்வேலை எளிது. மஞ்சள் தூளை உள்ளதைவிடப் பளிச்சென்று காட்டினால் ஒரு முறை விற்கும்; வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

மூன்றாம் வாரம்: அடுக்குகளும் எழுத்தும். ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை வைத்தது போன்ற இவ்வடுக்குகளில் படம் ஒன்றிலும் எழுத்து மற்றொன்றிலும் இருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடாது. தமிழ் எழுதுகையில் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துக. சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றும். எழுத்தமைப்புப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்குரிய முறையைத் தேர்ந்தால் அது சீராகும்.

நான்காம் வாரம்: அச்சுக்கு அனுப்புதல். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள படத்துக்கு 1800-க்கு 1200, அதாவது 21,60,000 புள்ளிகள் போதும். 12 மெகாபிக்சல் கைபேசியின் படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. பிறகு ஏன் பேனர்கள் கலங்கலாக வருகின்றன? வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் அளவு குறைக்கப்படுகிறது. 'ஆவணம்' என்னும் வகையில் அனுப்பினால் குறையாது. இதற்கு மென்பொருளும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

திருத்தலாகாத படங்கள்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையில் தலையானது. நம்மிடம் வரும் படங்கள் இரு வகையின. ஒன்று, பிறருக்குக் காட்டுவதற்கு உரியது. மற்றொன்று, சான்றாக நிற்பதற்கு உரியது. முன்னதைத் திருத்தலாம். பின்னதில் ஒரு புள்ளியையும் மாற்றலாகாது.

தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில், 2017 நவம்பர் 1 முதல் ஒவ்வொரு வேலையையும் தொடங்கு முன், நடைபெறும்போது, முடிந்த பின் என மூன்று நிலைகளில் இடக்குறிப்புடன் படம் எடுக்கும் முறை வந்தது. 2023 ஜனவரி 1 முதல் அத்திட்டத்தின் வேலையிடங்களில் வருகைப் பதிவைக் கைபேசிச் செயலி வழியே படத்துடன் பதிவு செய்வதும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், வேலைக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே மீண்டும் படமெடுத்தவையும் பதிவேற்றப்படுவதை 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுட்டிக்காட்டிக் கண்காணிப்பை இறுக்க உத்தரவிட்டது. பொய்ப் படம் ஒன்று ஏறும்போது, உண்மையாக வெயிலில் மண் சுமந்தவரின் கூலியும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது என்பதை மறத்தலாகாது.

2023 முதல் போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில், சொற்களால் கேட்டால் இல்லாததை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு வசதி வந்துள்ளது. வறண்ட குளத்தில் நீர் நிரப்பவும், வெற்று நிலத்தில் மரம் நடவும் அதற்குச் சில நொடிகள் போதும். அந்தக் குளத்தில் ஆடு மாடு நீர் குடிக்க முடியாது. வேலை முடிந்ததாகப் படம் சொல்லிவிட்டால் மறு வேலைக்குப் பணமும் வராது. நட்டம் கிராமத்துக்கே.

விவசாயிகளும் இதைக் கவனிக்க வேண்டும். பயிரின் நோயைக் கண்டறிய வேளாண்மை அலுவலருக்குப் படம் அனுப்புவோர் உண்டு. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தால் இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய்த் தெரியும். கைபேசியின் 'அழகு' வசதி பச்சையை ஏற்றிக் காட்டினால் இவ்வேற்றுமை மறைந்துவிடும். தவறான உரத்துக்குப் பணம் செலவாகும். பயிர்ச் சேதப் படங்களும் அவ்வாறே. படத்தினுள் மறைந்திருக்கும் நேரக் குறிப்பும் இடக் குறிப்பும் திருத்திச் சேமிக்கும்போது அழிந்து போகக் கூடும். ஆகையால் எடுத்தபடியே அனுப்புக. மூலப் படத்தை அழியாது வைத்திருக்க.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டியவை

முதலில் ஆறு மாத காலம் கட்டற்ற மென்பொருளில் பழகிப் பார்க்கட்டும். அதனால் இயலாத வேலை எது என்பதை எழுதி வைக்கட்டும். அவ்வேலை உண்மையிலேயே இருந்தால் மட்டும் சந்தாவைப் பற்றி மன்றத்தில் பேசட்டும். கற்பதற்கு ஊழியர் ஒருவரை மட்டும் நம்பாமல், மகளிர் குழுவிலிருந்தும் இளைஞர்களிலிருந்தும் இருவரைச் சேர்த்துக் கொள்வது நல்லது. 'சான்றுப் படங்கள்', 'காட்சிப் படங்கள்' என இரண்டு தனிக் கோப்புறைகள் வைத்து, முன்னதைப் பூட்டிவிட வேண்டும். வேலைகளின் மூன்று நிலைப் படங்களையும் திருத்தாமல் அச்சிட்டுக் கிராம சபையில் மக்கள் பார்வைக்கு வைக்கலாம். குளத்தின் கரையில் நாள்தோறும் நடப்பவர்களைவிடச் சிறந்த தணிக்கையாளர் எவர் இருக்கிறார்?

கருவி புதிது, கடமை பழையது. மங்கிய படத்தைத் தெளிவாக்க மென்பொருளைப் பயன்படுத்துவோம். நடந்த வேலையை உள்ளபடி காட்டுவதற்கு நேர்மை ஒன்றே போதும். அதற்குச் சந்தா இல்லை.